கிணறு கரிக்கும் முன்பே வரைபடம் காட்டிக்கொடுக்கும்

தண்ணீர் கரிக்கத் தொடங்கிய பிறகே பலர் கிணற்றைப் பரிசோதிக்கிறோம். அப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஊர்க் கிணறுகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், உப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது முன்பே தெரியும்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி வடக்கே போனால் மீஞ்சூர். சென்னையின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் இங்கே அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டது. 1969-ல் கடல்நீர் சுமார் 3 கி.மீ. உள்ளே வந்திருந்தது. பிற்காலத்தில் 10 கி.மீ. தாண்டியது. நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-ல் சட்டமே வந்தது.

கடலோரத்தில் நல்ல நீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே நீர்மட்டம் 1 அடி இறங்கினால், கீழே உப்புநீர் காலப்போக்கில் சுமார் 40 அடி ஏறும். அதனால் போர்வெல்லை மேலும் ஆழப்படுத்துவது ஆபத்து.

செய்ய வேண்டியவை:

1. செல்போன் ஜிபிஎஸ் மூலம் குடிநீர்க் கிணறு, போர்வெல், செப்டிக் டேங்க், எருக்குழி, இறால் பண்ணை ஆகியவற்றின் இடங்களைக் குறியுங்கள்.

2. ஜனவரியிலும் மே மாதத்திலும் நீர்மட்டத்தையும், டிடிஎஸ் மீட்டரில் உப்பின் அளவையும் பாருங்கள்.

3. லிட்டருக்கு 500 மி.கி. வரை பச்சை, 2,000 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என வண்ணமிடுங்கள்.

சிவப்பு கடல் பக்கமிருந்து வரிசையாக வந்தால், கடல்நீர் நுழைகிறது. அந்தப் பக்கம் இறைப்பதைக் குறைத்து, ஏரி, குளங்களில் மழைநீரைத் தேக்குங்கள். ஊர் நடுவே ஒரே கிணறு மட்டும் சிவப்பானால், அருகிலுள்ள குழிகளைக் கவனியுங்கள்.

பச்சை என்றாலே குடிக்கலாம் என்று பொருளல்ல. கிருமி, பூச்சிமருந்து, எண்ணெய் ஆகியவை டிடிஎஸ் மீட்டரில் தெரியாது. 2013-ல் ராயபுரத்தை அடுத்த தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்தே வந்தது. எனவே குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. தாண்டக்கூடாது. தாண்டினால், உரமோ கழிவுநீரோ கலக்கிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள்.

ஜனவரி வரைபடத்தை மார்ச் 22 உலகத் தண்ணீர் தின கிராம சபையில் வையுங்கள். ஒருவர் மட்டும் இறைப்பதைக் குறைத்துப் பயனில்லை. ஊரே சேர்ந்து முடிவெடுத்தால்தான் குடிநீர் மிஞ்சும்.