எல்லாச் சக்கரமும் தரையில்! மலையேறும் இராணுவ வண்டிகளின் கதை



நம் சித்தூர் வட்டத்தில் வண்டிகளைப் பாடாய்ப் படுத்தும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று நெல்லியாம்பதி மலை. அங்கே எஸ்டேட் பாதைகளில் பாறையும் பள்ளமுமாக இருக்கும். ஜீப்பைத் தவிர வேறு வண்டி போகாது. இன்னொன்று கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசல் மண். வெயில் காலத்தில் கல்லாக இறுகிக் கிடக்கும் அந்த மண், நாலு நாள் மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது.

மலையில் நிற்கும் வண்டியையும் சேற்றில் நிற்கும் வண்டியையும் கவனித்துப் பாருங்கள். இரண்டிலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றவும் செய்யும். ஆனாலும் வண்டி நகராது. எஞ்சினில் வலு இருந்தும் வண்டி ஏன் நகரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் ஓர் அப்பாவும் அவர் மகனும் உண்டு. அப்பாவின் பதில் பெரிய இராணுவ லாரிகளாக நம் பாலக்காடு மாவட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. மகனின் பதில், போரில் யார் பக்கமும் சேராத சிறிய நாடுகளின் படைகளில் மலையேறியது.

சுற்றும் சக்கரம், நகராத வண்டி

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால்தான் திரும்ப முடியும். அதற்காக நடுவில் ஒரு பல்சக்கரக் கூட்டம் உண்டு. பட்டறைக்காரர்கள் அதை டிஃபரென்ஷியல் என்பார்கள். லாரியின் பின்பக்கம் அடியில் உருண்டையாகத் தொங்குகிறதே, அதற்குள்தான் இது இருக்கிறது.

டிஃபரென்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் அது கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். அதைச் சுழற்ற ரொம்பக் கொஞ்சம் விசை போதும். உடனே மறுபக்கச் சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்ச விசைதான் கிடைக்கும். அது தரையில் நன்றாக ஊன்றி இருந்தாலும் வண்டியைத் தள்ள வலு போதாது. ஒரு சக்கரம் தரையை இழந்தால் வண்டியே நின்றுபோவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு இரண்டு. தேவைப்படும்போது டிஃபரென்ஷியலைப் பூட்டி, இரண்டு சக்கரங்களையும் சேர்ந்தே சுற்றவைக்கலாம். அதைவிடச் சிறந்தது, எந்தப் பள்ளத்திலும் எல்லாச் சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி வண்டியைச் செய்வது.

அப்பா கண்ட முதுகெலும்பு

அப்பாவின் பெயர் ஹான்ஸ் லெட்வின்கா. 1878-இல் ஆஸ்திரியாவில், வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். இன்றைய செக் குடியரசில் உள்ள டாட்ரா வண்டித் தொழிற்சாலையில் தலைமைப் பொறியாளராக இருந்தார்.

சாதாரண லாரியின் அடிச்சட்டம் ஏணி மாதிரி இருக்கும். நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள். கரடுமுரடான பாதையில் முன்சக்கரம் ஒருபக்கம் ஏறி, பின்சக்கரம் மறுபக்கம் ஏறினால் இந்தச் சட்டம் முறுக்கிக்கொள்ளும். லெட்வின்கா 1923-இல் வந்த டாட்ரா 11 என்ற சிறிய காரில் இந்த ஏணியையே எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக வண்டியின் நடுவே நீளமாக ஒரு கனத்த இரும்புக் குழாயை வைத்தார். நமக்கு முதுகெலும்பு எப்படியோ, அந்த வண்டிக்கு இந்தக் குழாய் அப்படி.

குழாயை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்? நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரே அளவில் இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டு அட்டையே போதும். ஒன்றை நீளவாக்கில் ‘ப’ வடிவத்தில் மடியுங்கள். இன்னொன்றைக் குழாயாகச் சுருட்டி, விளிம்பு முழுவதும் பசை தடவி நன்றாக ஒட்டுங்கள். காய்ந்ததும் இரண்டையும் முனைகளில் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். ‘ப’ அட்டை சுலபமாக முறுகும். குழாய் எதிர்த்து நிற்கும். இத்தனைக்கும் அட்டையின் அளவு ஒன்றுதான். குழாய் சுற்றிலும் மூடியிருப்பதால் முறுக்கும் விசை வட்டம் முழுவதும் பரவிவிடுகிறது. ‘ப’ வடிவத்தில் ஒரு பக்கம் திறந்திருப்பதால் அப்படிப் பரவ வழியில்லை. இப்போது ஒட்டிய விளிம்பைக் கத்தரித்துத் திறந்துவிட்டு, அதே குழாயை மறுபடி முறுக்கிப் பாருங்கள். வேறுபாடு கையிலேயே தெரியும்.

குழாயால் இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. கல்லும் சேறும் அதைத் தொட முடியாது. அடுத்தது, இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் தனித்தனி அரை அச்சுகள். இடது சக்கரம் பாறைமேல் ஏறினால் அது மட்டும் மேலே போகும். வலது சக்கரம் தன் பாட்டுக்குத் தரையிலேயே இருக்கும். அரை அச்சு மேலும் கீழும் ஆடும்போது அதன் முனையிலுள்ள பல்சக்கரம் குழாய்க்குள் இருக்கும் பல்சக்கரத்தின்மேல் உருண்டுகொண்டே விசையை வாங்கிக்கொள்ளும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிப் பல்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், இதே அமைப்பில் பின்னர் வந்த டாட்ரா லாரியில் இடது சக்கரமும் வலது சக்கரமும் நேருக்கு நேர் இருக்காது. ஒன்று சற்று முன்னால் தள்ளியிருக்கும்.

பக்கம் சேராத நாட்டுக்கு இராணுவம் எதற்கு?

மகனின் கதைக்கு வருவதற்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற நாடுகள் போரிடும்போது எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதை நடுநிலை என்கிறோம். 1815-இல் ஐரோப்பிய வல்லரசுகள் சுவிட்சர்லாந்தின் நடுநிலையை ஏற்றுக்கொண்டன. ஆஸ்திரியாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நான்கு நாட்டுப் படைகள் இருந்தன. 1955-இல் அவை வெளியேறின. அதே ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி, என்றைக்கும் நடுநிலையாக இருப்போம் என்று ஆஸ்திரியா சட்டம் இயற்றியது. அந்த நாள்தான் இன்று அவர்களின் தேசிய நாள்.

சண்டை போடாத நாட்டுக்குப் படை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நடுநிலை நாட்டுக்கு ஒரு கடமை இருக்கிறது. போரிடும் படைகள் தன் மண்ணை வழியாகப் பயன்படுத்த அது விடக்கூடாது. 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இதைச் சொல்கிறது. அப்படியானால் எல்லையைக் காக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா இரண்டுக்கும் எல்லையில் நீண்ட பகுதி ஆல்ப்ஸ் மலை. பனி, பாறை, ஒற்றையடிப் பாதை. அங்கே குதிரையும் கோவேறு கழுதையும்தான் படையின் சுமையைத் தூக்கின. அவை போகும் பாதையில் போகக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டியிருந்தது.

மகன் செய்த மலை வண்டி

அந்த வண்டியை உருவாக்கியவர் எரிக் லெட்வின்கா, ஹான்ஸின் மகன். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து ஸ்டையர்-டைம்லர்-புக் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தார். 1959-இல் அவருடைய ஹாஃப்லிங்கர் வண்டி வெளிவந்தது. ஹாஃப்லிங்கர் என்பது ஆல்ப்ஸ் மலையின் உறுதியான குதிரை இனம் ஒன்றின் பெயர்.

ஹாஃப்லிங்கரின் எடை சுமார் 600 கிலோ. அது தூக்கும் சுமையோ சுமார் 500 கிலோ! எஞ்சின் வெறும் 643 சி.சி. நம் ஊரில் ஓடிய மாருதி 800 காரின் எஞ்சினே 796 சி.சி. என்றால், இது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவு சிறிய எஞ்சின் மலையேறியது எப்படி?

அப்பாவின் நடுக்குழாயும் ஆடும் அரை அச்சும் இதிலும் இருந்தன. நான்கு சக்கரத்துக்கும் விசை போனது. முன்னும் பின்னும் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தது. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. சாதாரண வண்டியில் அச்சு சக்கரத்தின் மையத்துக்கு நேராக வரும். ஹாஃப்லிங்கரில் அச்சு மையத்துக்கு மேலே வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு சிறிய பல்சக்கரம், கீழே உள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். அதனால் வண்டியின் அடிவயிறு உயர்ந்துவிடுகிறது. நடுவில் கிடக்கும் பாறை முட்டாது. சிறிய பல்சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது வேகம் குறைந்து திருப்புவிசை கூடும் அல்லவா? சின்ன எஞ்சினுக்கு அதுவும் பெரிய துணை.

1971-இல் இதைவிடப் பெரிய பின்ஸ்கவுர் வந்தது. நான்கு சக்கரம், ஆறு சக்கரம் என்று இரண்டு வகை. ஆம்புலன்சாகவும், வானொலிக் கருவி வண்டியாகவும், வீரர்களை ஏற்றிச் செல்லவும் அது பயன்பட்டது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து இரண்டின் படைகளும் ஹாஃப்லிங்கரையும் வாங்கின, பின்ஸ்கவுரையும் வாங்கின.

சுவிட்சர்லாந்து தானே செய்த வண்டிகளும் உண்டு. அங்குள்ள மோவாக் நிறுவனத்தின் பிரான்யா என்ற கவச வண்டி உலகப் புகழ் பெற்றது. படைக் கூட்டணிகளில் சேராத அயர்லாந்து, எட்டுச் சக்கரப் பிரான்யாக்களை வாங்கி ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படைப் பணிக்கு அனுப்பியது. லைபீரியாவிலும் லெபனானிலும் அவை அமைதி காக்கப் போயின.

தண்ணீர் வேண்டாத எஞ்சின்

அப்பாவின் லாரிக்கும் மகனின் மலை வண்டிக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. ரேடியேட்டர் இல்லை, தண்ணீரும் இல்லை. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். கடுங்குளிரில் எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் இருந்தால், அது பனிக்கட்டியாகி இரும்பையே பிளந்துவிடும். காற்றுக்கு அந்த அச்சம் இல்லை. பாலைவன வெயிலில் கொதித்து ஆவியாகும் கவலையும் இல்லை. ஒரு விசிறி எஞ்சின்மேல் காற்றை வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் போதும்.

கஞ்சிக்கோடு வரை

இந்தியாவில் லடாக்கின் குளிரும் ராஜஸ்தானின் வெயிலும் ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன. டாட்ரா லாரி நம் இராணுவத்துக்கு ஏற்றதாக அமைந்தது அதனால்தான். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெமல் என்ற பொதுத்துறை நிறுவனம், 1986-இல் டாட்ராவுடன் கைகோத்து இந்த லாரிகளை இங்கே செய்யத் தொடங்கியது. அந்தப் பெமல் நிறுவனத்தின் ஆலை ஒன்று, சித்தூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. 2010-இல் திறக்கப்பட்டது.

முதுகெலும்புக் குழாயின் முழுப் பயனையும் இந்த லாரிகளில் பார்க்கலாம். குழாயை நீட்டி அச்சுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஆறு, எட்டு, பன்னிரண்டு சக்கரம் என்று லாரி வளரும். பினாகா என்ற ராக்கெட் ஏவு வண்டிக்கு எட்டுச் சக்கரம். அது 12 ராக்கெட்டுகளை 44 நொடியில் ஏவும். பிரமோஸ் ஏவுகணை வண்டி பன்னிரண்டு சக்கரம் கொண்டது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது சர்வத்ரா என்ற பால வண்டிதான். நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் அதை வடிவமைத்தது. ஒவ்வொரு லாரியும் மடக்கிய நிலையில் 15 மீட்டர் பாலத் துண்டு ஒன்றைச் சுமந்து வரும். ஐந்து லாரிகள் சேர்ந்தால் 75 மீட்டர் ஆற்றுக்குப் பாலம் தயார். ஆற்றங்கரையில் சாலை ஏது? மணலிலும் சேற்றிலும் இறங்கி நின்று, கனத்த பாலத்தைக் கவிழாமல் விரிக்க வேண்டும். எல்லாச் சக்கரமும் தரையில் இருந்தால்தான் அது முடியும்.

பெரிய எஞ்சின் பூட்டிவிட்டால் எந்த மலையும் ஏறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். லெட்வின்கா வீட்டு அப்பாவும் மகனும் அது போதாது என்று காட்டினார்கள். எஞ்சினின் வலு தரையைப் போய்ச் சேர வேண்டும். அதற்கு முதலில் தன் நாட்டுத் தரையை அறிய வேண்டும். தன் மலையை நன்றாக அறிந்த சின்ன நாடு, 643 சி.சி. எஞ்சினை வைத்தே அதில் ஏறியது.

பிள்ளைகளே, அட்டைக் குழாய்ச் சோதனையை இந்த வாரமே செய்யுங்கள். நீள அட்டை, குட்டை அட்டை, மெல்லியது, தடித்தது என்று மாற்றி மாற்றிச் செய்து, எது அதிகம் முறுகியது என்று நோட்டில் எழுதுங்கள். லாரி நிற்கும் இடத்தில் பெரியவர் ஒருவரோடு, எட்டி நின்றே அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் மட்டும் ஒருபோதும் போகாதீர்கள். ஏணிச் சட்டம் எங்கே, அச்சு எங்கே, டிஃபரென்ஷியல் எங்கே என்று அடையாளம் கண்டு படம் வரையுங்கள். வரைந்த படத்தை வகுப்புக்குக் கொண்டுபோய், நண்பர்களுக்கும் ஆசிரியருக்கும் நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.