திருத்தினால் மீண்டும் பேசும்

வீட்டிலுள்ள பழைய வானொலிப் பெட்டி பேசாமல் போனால் அதைப் பழைய இரும்புக்குப் போட அவசரப்பட வேண்டாம். ஊரில் ஆர்வத்தோடு வானொலி திருத்தப் பழகியவர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அந்தக் கைப்பழக்கத்தின் பெறுமதிக்கு யாழ் குடாநாட்டின் வரலாறே சான்று. 1990களின் முற்பகுதியில் கரவெட்டி உட்பட இங்குள்ள ஊர்களில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது சைக்கிள் மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் இருந்தால் முன்னதைப் பின்னதாக்கலாம்.

புதியது வாங்குவதே இலாபம், பழையதற்குப் பாகம் கிடைக்காது என்பார்கள். ஆனால் பழைய பெட்டிகளில் அடிக்கடி கெடுவது, உள்ளே வற்றியோ மேற்பக்கம் உப்பியோ போன கொண்டென்சர்தான். அதே மைக்ரோபரட் அளவும், குறையாத வோல்ற் அளவும் கொண்ட இன்னொன்றைப் பற்றவைத்தால் பெரும்பாலும் போதும். பழக்கமில்லாதவர் திறந்தால் ஆபத்து என்பதும் நியாயமே. செருகியைக் கழற்றிய பின்னும் கொண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவேதான் தெரிந்தவரின் துணையை நாடச் சொல்கிறோம். திருத்தும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்; பெட்டியோடு அந்த அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரட்டும்.