செம்மறியாட்டின் பசியும் குடற்புழுவும்

நெற்செய்கையும் தோட்டச்செய்கையும் நடத்தும் கமக்காரர் பலர், எருவின் பொருட்டும் வருவாயின் பொருட்டும் சில செம்மறியாடுகளை வைத்திருக்கின்றனர். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுப்பட்டி அடைத்து எருப்பெறுதல் நம் முன்னோர் கைக்கொண்ட நல்வழக்கமாகும். எனினும், மாரி தொடங்கிச் சில வாரங்களுள் ஆடுகள் மெலிவதும், தாடையின்கீழ் நீர்கோத்து வீங்குவதும், குட்டிகள் திடீரென இறப்பதும் பட்டிகளிற் காணப்படுகின்றன. இவற்றிற்குப் பலவிடங்களிற் காரணமாயிருப்பது இரைப்பைப் புழுவாகும். ஆட்டை எவ்வளவு பசியோடு மேயவிடுகின்றோம் என்பதற்கும் இந்நோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டு. அதனை விளக்குதலே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம்.

புழு பரவும் விதம்

வெப்ப நாடுகளிற் செம்மறியாடுகட்கு மிகுந்த தீங்கு செய்வது ஈமோங்கசு என்னும் இரத்தமுறிஞ்சும் புழுவாகும். இது ஆட்டின் நாலாம் இரைப்பையில் வாழ்கின்றது. ஆயிரம் புழுக்கள் நாளொன்றில் ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் இரத்தத்தைப் போக்கிவிடும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டையிடும்.

முட்டைகள் பிழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்திருப்பின், ஏறக்குறைய ஒரு வாரத்துள் அவை பொரித்து, நோயுண்டாக்கத்தக்க குடம்பிகளாக வளர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இக்குடம்பிகள் பனிநீரையும் மழைநீரையும் பற்றிப் புல்லில் ஏறுகின்றன. ஆயினும் அவை மிக உயரம் ஏறுவதில்லை. பெரும்பாலானவை புல்லின் அடிப்பாகத்து 2 அங்குலத்துள்ளேயே தங்கிவிடும்.

ஆடு புல்லைத் தெரியும் விதம்

ஆடு குடம்பியைக் காண்பதில்லை. ஆனால் பிழுக்கையின் மணத்தை அறியும். அம்மணமுள்ள புல்லை அது இயல்பாகவே விலக்கும். இங்கே ஓர் இடர்ப்பாடு உளது. பிழுக்கை விழுந்த இடத்திற் சத்து மிகுதலாற் புல் செழித்துப் பச்சைப்பசேலென வளரும். எனவே, நல்ல உணவும் புழுவும் ஓரிடத்திலேயே அமைந்துவிடுகின்றன. ஆடு எதனைக் கருதி மேயும்?

ஸ்கொட்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்து, 1999 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நைதரசன் மிகுந்த புல்லும் குறைந்த புல்லும், பிழுக்கை கலந்தும் கலவாமலும் செம்மறிகளின் முன் வைக்கப்பட்டன. ஆடுகள் சத்து மிகுந்த புல்லை விரும்பின. பிழுக்கை கலந்ததை விலக்கின. புழு நோயுற்ற ஆடுகள் அதனை இன்னும் மிகுதியாக விலக்கின. ஆனால், பசியோடு விடப்பட்ட ஆடுகளோ அந்த எச்சரிக்கையைத் தளர்த்திப் பிழுக்கை கலந்த புல்லையும் மேய்ந்தன. அங்கே ஆராயப்பட்டது குளிர்நாட்டுப் புழுவொன்றாகும். எனினும் அது பரவும் வழியும் நம்நாட்டுப் புழு பரவும் வழியும் ஒன்றே.

பசியால் விளையும் தீங்கு

இதிலிருந்து கமக்காரர் அறியவேண்டியது யாதெனின், ஆட்டிற்குத் தன்னைக் காக்கும் அறிவு இயற்கையாகவே உண்டு. பசி அவ்வறிவை மழுங்கச் செய்யும் என்பதே. இரவு முழுவதும் வெறும் பட்டியில் நின்ற ஆடு, விடியலிற் பனி ஈரத்தோடுள்ள கட்டைப்புல்லில் விடப்படின், தெரிந்து மேயாது. அடிவரை கடித்துத் தின்னும். குடம்பிகள் மிகுந்திருப்பதும் அவ்வடியிலேயே.

பனி உலரும்வரை ஆட்டை அடைத்து வைத்தல் நன்று என்பர். அது பொருத்தமானதே. ஆயினும், அடைத்து வைத்த நேரத்தில் தீன் இடாவிடின் பசி மிகும். ஒரு பக்கத்தாற் பெற்ற நன்மை மறுபக்கத்தால் இழக்கப்படும்.

கயிற்றிற் கட்டப்பட்ட ஆட்டின் நிலை இதனினும் கடினமானது. எட்டிய வட்டத்துள் நல்ல புல் தீர்ந்தவுடன், விலக்கிவைத்த புல்லைத் தின்பதன்றி அதற்கு வேறு வழியில்லை. அதன் தெரிவை ஆடன்று, கயிறே தீர்மானிக்கின்றது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. காலையில் ஆட்டை வெளிவிடுமுன் பட்டியிலேயே சிறிது குழை இடுக. பூவரசு, முருங்கை, அகத்தி, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழையை நிலத்திற் போடாது கட்டித் தூக்குக. நிலத்திற்கு மேலே வளர்ந்த குழையிற் புழுக் குடம்பி இராது.

2. புல் 4 அங்குலத்திற்குக் குறையுமுன் ஆட்டை வேறிடத்திற்கு மாற்றுக.

3. கட்டி மேய்ப்போர் மாரிகாலத்தில் 4 நாளுக்கு மேல் ஓரிடத்திற் கட்டாதொழிக. அவ்விடத்திற்கு ஒரு மாதம் கழியுமுன் திரும்பாதிருத்தல் நலம். 1990 ஆம் ஆண்டுகளில் ஈரம் மிகுந்த தென் பசிபிக் தீவுகளில், நிலத்தைப் 10 பங்காக வகுத்துப் பங்கொன்றில் மூன்றரை நாள் வீதம் வெள்ளாடுகளை மேயவிட்டு, புழுவைப் பெரிதும் குறைத்தனர். வெப்பநிலத்திற் குடம்பிகள் உணவின்றி விரைவில் மடிதலே இதற்குக் காரணம்.

4. அறுவடை முடிந்த வயல் பல மாதங்களாக ஆடு மிதியாத நிலமாதலால், அங்குப் புழு மிகக் குறைவு. முதல் மேய்ச்சலைக் குட்டிகட்கும் குட்டியீன்ற மறிகட்கும் கொடுக்க. புழுவை எதிர்க்கும் வலிமை இவற்றிற்கே குறைவு. நீர் தேங்கும் பள்ளங்களை விலக்குக. ஆங்குள்ள நத்தைகளால் ஈரற்புழு பரவும்.

5. பச்சைப் பிழுக்கை இட்ட தோட்டத்திற் பிடுங்கிய களையை ஆட்டிற்கு இடாதீர். பிழுக்கையைக் கூட்டெருவாகக் குவித்துச் சூடேறி மக்கியபின் பாத்திகட்கு இடுக. எருவும் சிறக்கும்; முட்டைகளும் அழியும்.

6. வாரந்தோறும் ஆட்டின் கீழ்க்கண்ணிமையை விலக்கிப் பார்க்க. சிவந்திருப்பின் நன்று. வெளிறியிருப்பின் இரத்தம் குறைந்ததென உணர்ந்து, அரசாங்க மிருக வைத்தியரை உடன் நாடுக. தேவையின்றி எல்லா ஆடுகட்கும் அடிக்கடி மருந்தூட்டினால், மருந்திற்கு மடியாத புழுக்களே பெருகும்.

குடற்புழு மருந்து உள்ளே சென்ற புழுவைக் கொல்லுமேயன்றி, புல்லில் நிற்கும் புழுவைக் கொல்லாது. ஆடு தெரிந்து மேய்வதற்கு வேண்டிய நிலத்தையும், அதற்கேற்ற வயிற்றையும் கொடுத்தல் கமக்காரரின் பொறுப்பாகும். காலையில் இடும் ஒரு கட்டுக் குழை, பின்னர் வாங்கவேண்டிய மருந்தைக் குறைக்கும் என்பதை மனத்திற் கொள்க.