மரபணு ஒன்றுதான், தட்டில் இருப்பதுதான் வேறு

குத்தம்பாக்கத்தைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் பரோட்டாக் கடைகளுக்குக் குறைவில்லை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களால் சப்பாத்தியும் பெருகிவிட்டது. இதே சாலையில் மேற்கே போனால் வேலூர். கோதுமை யார் குடலைப் புண்ணாக்குகிறது என்ற கேள்விக்கு முக்கியமான விடை ஒன்று அங்கிருந்து வந்தது.

சீலியாக் என்பது அந்த நோய். ஓயாத வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை, எடை ஏறாத குழந்தை என்று பல வேடங்களில் வரும்.

கோதுமையின் குளூட்டன் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. நீளமான துணுக்குகள் சிறுகுடலில் மிஞ்சுகின்றன. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. குடல் சுவரில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி, துணுக்கில் இருக்கும் குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடும். வேதியியல் கணக்கில் துளியூண்டு மாற்றம்: புதிதாக ஓர் எதிர்மின் சுமை ஏறுகிறது, அவ்வளவே. அந்தத் துளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி செல்லுக்குப் புரதத்தை நேரடியாகப் பார்க்கத் தெரியாது. இன்னொரு செல் அதன் துணுக்கை ஹெச்எல்ஏ என்ற தாங்கியில் ஏந்திக் காட்ட வேண்டும். டிக்யூ2, டிக்யூ8 வகைத் தாங்கிகளின் குழிகளுக்கு எதிர்மின் சுமை பிடிக்கும். மாறாத துணுக்கு அங்கே சரியாக ஒட்டாது. மாறியது கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். டி செல் அதை எதிரியாக எண்ணிக் கிளர்ந்தெழ, குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன. நொதியின் இந்தப் பங்கை நார்வேயின் லுட்விக் சோலிட் குழு 1998-ல் எடுத்துக்காட்டியது.

தெற்கே இந்த நோய் அரிதாகவே தென்படுகிறது. அப்படியானால் தமிழர்களிடம் அந்தத் தாங்கி இல்லையா? இருக்கிறது. மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு நாட்டின் வடக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும் தெற்கே வேலூர்ப் பகுதியிலும் 23,331 பேரை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். ஆனால் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10. கோதுமை வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம்! கோதுமை மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனாலும் நம் தட்டு மாறிவரும் வேகத்தைப் பார்த்தால், இது வடக்கத்தி நோய் என்று தெற்கத்தி மருத்துவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது.

நோய் உறுதியானவர் பரோட்டா, ரவை, சேமியாவை விட்டால் மட்டும் போதாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்; அரிசிச் சோற்றுக்கு ஊற்றும் சாம்பார் வழியாகவே குளூட்டன் உள்ளே போய்விடும். சந்தேகம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. ரத்தப் பரிசோதனை தேடுவது அதே டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான். கோதுமையை விட்டுவிட்டால் நாளடைவில் அது வடிந்துவிடும், நோயிருந்தும் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.