ரோசினாந்தே என்னும் கூண்டு வண்டி

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், 58 வயதுடைய எழுத்தாளர் ஒருவர், ஒரு நாயை மட்டும் துணையாகக் கொண்டு, தம் நாட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது என்று நியூயார்க் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரான சாக் ஹார்பரிலிருந்து புறப்பட்டார். அவர் ஜான் ஸ்டைன்பெக். வறட்சியாலும் கடனாலும் நிலமிழந்து கலிபோர்னியாவை நோக்கிச் சென்ற ஏழை உழவர்களின் துயரை 1939-இல் நாவலாக எழுதி உலகறியச் செய்தவர். இந்தப் பிரயாணத்தை அவர் 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற நூலாக 1962-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது.

புறப்பட்டதற்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. பல ஆண்டுகளாகத் தம் நாட்டைப் பற்றி நினைவிலிருந்தே எழுதி வந்தார். அந்த நினைவு பழையதாகிவிட்டது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. இதனினும் ஆழமான காரணம் ஒன்றும் இருந்தது. முந்தைய ஆண்டின் இறுதியில் அவர் கடும் நோயுற்றிருந்தார். அடக்கமாக வாழும்படி சுற்றியிருந்தோர் அறிவுறுத்தினர். முதுமையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு மூலையில் அமர அவருக்கு மனம் வரவில்லை. ஐம்பதைக் கடந்த நமக்கு இந்தப் பிடிவாதம் புரியாத ஒன்றன்று.

அவருடைய வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜி.எம்.சி. நிறுவனம் செய்த சிறு பாரவண்டி அது. அதன் முதுகில் படகின் உள்ளறை போன்ற ஒரு கூண்டு பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே படுக்கை, வாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி, கொசுவலை இட்ட சன்னல்கள் ஆகிய அனைத்தும் இருந்தன. டான் குவிக்சோட் என்னும் கதைவீரனின் நோஞ்சான் குதிரைக்குரிய 'ரோசினாந்தே' என்ற பெயரையே அவர் வண்டிக்கும் சூட்டினார். படிக்காமல் ஒதுக்கி வைத்திருந்த புத்தகங்களை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டார். துப்பாக்கியும் தூண்டிலும் கூட இருந்தன. வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ போகிறவனை எவரும் காரணம் கேட்பதில்லையாம்! துணி துவைப்பதற்கு அவர் கண்ட வழியை நம் இல்லத்தரசிகள் ரசிப்பார்கள். மூடியிட்ட ஒரு வாளியில் அழுக்குத் துணியும் சவர்க்காரமும் வெந்நீரும் இட்டு, அதனை இழுவைக் கயிற்றில் கட்டி வண்டிக்குள் தொங்கவிட்டார். வண்டி குலுங்கக் குலுங்கத் துணி தானே வெளுத்தது. அன்றிரவே ஓர் ஓடையில் அலசி உலர்த்தினால் வேலை முடிந்தது.

நாயின் பெயர் சார்லி. பாரிஸ் நகரின் புறத்தே பிறந்த பூடில் இனத்து முதிய நாய். முன்பின் அறியாதவர்களோடு பேச்சைத் தொடங்க அதுவே அவருக்குத் தூதுவனாயிற்று. மேய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அகழ்வதற்காகக் கனடாவிலிருந்து குடும்பத்துடன் வந்து தங்கியிருந்த பிரெஞ்சு மொழிக் கூலித் தொழிலாளரிடம் முதலில் சென்றது சார்லிதான். அன்றிரவு அவர்கள் அந்தக் கூண்டுக்குள் நெருங்கி அமர்ந்து விருந்துண்டனர். நூலின் மிக இனிய பகுதிகளுள் ஒன்று இது.

வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு ஞாயிறு காலை அவர் வெண்சுண்ணமிட்ட புராட்டஸ்தாந்து ஆலயம் ஒன்றில் நுழைகிறார். அங்கிருந்த போதகர் நரகத்தையும் நெருப்பையும் பற்றிச் சற்றும் தயவின்றி முழங்கினார். ஸ்டைன்பெக் சினம் கொள்ளவில்லை. தம் பாவங்களை ஒருவர் இவ்வளவு பொருட்படுத்துகிறாரே என்று உற்சாகம் பெற்று, காணிக்கைத் தட்டில் 5 டாலர் இட்டு வந்தார். இதில் கேலி உண்டு. ஆயினும் முற்றும் கேலியன்று. ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று பேசும் நாம் இந்தப் பக்கத்தை இருமுறை படித்தோம்.

இனி ஒரு கசப்பான செய்தி. 2010-ஆம் ஆண்டில், இந்நூலின் வழித்தடத்தை அப்படியே பின்பற்றிப் பயணம் செய்த அமெரிக்கப் பத்திரிகையாளர் பில் ஸ்டைகர்வால்டு, கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டு, நூல் காட்டும் தனிமை பெரும்பாலும் புனைவு என்று நிறுவினார். ஏறத்தாழ 10,000 மைல் நீண்ட பயணத்தில் பல இரவுகள் கழிந்தது கூண்டில் அன்று, விடுதிகளில். மேற்குக் கரையோரமாகச் சென்ற நாள்களில் அவர் மனைவி எலேன் உடனிருந்தார். அச்சேறிய நூலில் அந்த நாள்களில் அவரைக் காணோம். 2012-இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையும், இதனை வரிக்கு வரி உண்மையென்று கொள்ள வேண்டாம் என எச்சரித்தது. நிதானப் பயணம் என்று சொல்லிக்கொண்டாலும், இத்தனை தொலைவை ஏறத்தாழ பதினொரு வாரங்களில் ஓட்டி முடித்தவர் எத்தனை ஊரில் நிதானித்திருக்க முடியும்?

இதை வெறும் எழுத்தாளர் உரிமை என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. உண்மை என்ற பெயரில் விற்கப்பட்ட நூல் அது. அன்றியும், மனைவியை நீக்கியதால் நூல் இழந்ததே அதிகம் என்பது நம் கருத்து. தனித்திருக்க விரும்பிப் புறப்பட்ட மனிதர், பாதி வழியில் தனிமை தாங்காமல் மனைவியை வரவழைத்துக்கொண்டார் என்ற செய்தி எவ்வளவு அழகானது! அதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன?

ஆனால் ஓரிடத்தில் அவர் மெய்யாகவே தனியாயிருந்தார். டெக்சஸில் மனைவியைப் பிரிந்து நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் சென்றார். 1960 நவம்பர் 14 அன்று, அந்நகரின் வில்லியம் பிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, மத்திய அரசின் காவல் அதிகாரிகள் சூழ முதன்முதலாக அடியெடுத்து வைத்தாள். வெள்ளையர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து மீட்டுக்கொண்டனர். நாள்தோறும் பெண்கள் கூட்டமொன்று வாயிலில் நின்று அக்குழந்தையை வசைமாரி பொழிந்தது. அதைக் காண்பதற்கென்றே ஸ்டைன்பெக் வண்டியையும் சார்லியையும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் சென்றார். கஞ்சியிட்ட வெள்ளை ஆடையில், பருத்த அதிகாரிகளுக்கு நடுவே, பொம்மை போன்ற அந்தச் சிறுமியைக் கண்டார். அவள் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சொற்களைச் செய்தித்தாள்கள் அச்சிடாமல் விட்டதால், அந்தக் கொடுமையின் அளவே மக்களுக்குத் தெரியாமற்போயிற்று என்று எழுதினார். தம் பிள்ளையைக் கைப்பிடித்து அதே வாயில் வழியாக அழைத்துச் சென்ற ஒரு வெள்ளைத் தந்தை மீது கூட்டத்தின் வெறி இன்னும் அதிகமாகப் பாய்ந்ததையும் பதிவு செய்தார்.

அந்நகர் கத்தோலிக்கர் மிகுந்த நகர் என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். இனப்பிரிவினை பாவம் என்று பேராயர் ஜோசப் ரம்மெல் 1956-இலேயே மேய்ப்புத் திருமடல் எழுதியிருந்தார். ஆயினும் மறைமாவட்டப் பள்ளிகளின் கதவு கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறந்தது 1962-இல்தான். அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரை அவர் சபை நீக்கம் செய்தார். அவருடைய உறுதியைப் போற்றும் நாம், இடையில் சென்ற அந்த ஆறு ஆண்டுகளையும் எண்ணிக்கொள்வது நலம்.

நியூ ஆர்லியன்ஸுக்குப் பிறகு ஸ்டைன்பெக்கால் எதையும் பார்க்க முடியவில்லை. வர்ஜீனியாவில் ஆபிங்டன் என்ற ஊரருகே, தம் பயணம் தம்மை விட்டுவிட்டு முன்னதாகவே முடிந்துவிட்டது என்று உணர்ந்தார். எஞ்சிய சாலையெல்லாம் வெறுமனே ஓட்டித் தீர்த்த தொலைவு. நியூயார்க்கை அடைந்ததும், நெரிசல் மிகுந்த தெருவொன்றில், தம் சொந்த நகரிலேயே வழி தவறினார்.

1968-இல் அவர் இறந்தபோது எலேன் உடனிருந்தார். ரோசினாந்தேயை அவர் பிறந்த கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில், அவர் பெயர் தாங்கிய காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.