கசகசாவின் கொழகொழப்பு

நோன்பு காலத்தில் யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் வீட்டில் சர்பத் இல்லாமல் நோன்பு திறப்பதில்லை. ஒருநாள் வாப்பா இரண்டாவது குவளையை எடுத்தபடி சொன்னார்: "கசகசா போட்டது மகன், சீனி வருத்தத்துக்கு நல்லதாம்." அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். அந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை என்று தேடிப் பார்த்தேன்.

முதலில் பெயர். நாம் கசகசா என்பது துளசிக்கு உறவான திருநீற்றுப்பச்சையின் விதை. தமிழகத்தில் இதைச் சப்ஜா என்பார்கள். அங்கே கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கும் அபினிச் செடியின் விதை. அது ஐக்கிய அரபு இராச்சியத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். வெளிநாட்டுக்குப் பொதி கட்டுகிறவர்கள் இந்தப் பெயர்க் குழப்பத்தை மறக்கக் கூடாது.

நம் கசகசாவின் மேற்தோல் கலங்களுக்குள் பல்சக்கரைட்டு காய்ந்து அடைந்து கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் அது வீங்கி, கலச்சுவரை உடைத்து வெளியே வந்து, விதையைச் சுற்றி வெண்கூழாக நிற்கிறது. இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 43 சதவீதம் குளுக்கோமனன், 24 சதவீதம் சைலன் என்று கண்டார்கள். முன்னையது குளுக்கோசும் மனோசும் கோத்த சங்கிலி. பின்னையது சைலோசுச் சங்கிலி. இவற்றில் நிறைந்திருக்கும் ஐதரொட்சில் கூட்டங்கள்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன.

சோற்றில் உள்ள மாப்பொருளும் குளுக்கோசுச் சங்கிலிதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கண்ணிகள் இணையும் விதம் வேறு. மாப்பொருளின் இணைப்பை நம் நொதியங்கள் வெட்டும். கசகசாக் கூழின் இணைப்பை வெட்டத் தெரியாது. ஆகவே கூழ் இரத்தத்தில் சீனியாக ஏறுவதில்லை. குடலில் நாராகக் கிடந்து, மற்ற உணவின் சீனி ஏறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அவ்வளவுதான். சர்பத்தில் ஊற்றிய பாணியை அது இல்லாமலாக்காது.

ஊறாத விதையை அப்படியே விழுங்கவும் கூடாது. தொண்டையில் வீங்கி அடைத்துவிடும். கால் மணி நேரமாவது ஊற வேண்டும். உம்மா எப்போதும் சொல்வது இதுதான்: "ஊறாததைக் குடியாத மகன்."

இப்போது வாப்பாவின் குவளையில் பாணி இல்லை. தேசிக்காய்த் தண்ணீரும் கசகசாவும்தான். முதல் நாள் முகம் சுளித்தார். "இதென்ன சர்பத்?" என்றார். குளிசையை மட்டும் டொக்டர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் எடுக்கிறார்.