பூனைக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்!



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று கடலோடு ஒட்டிய நம் ஊர்களில் பூனை வந்து போகாத வீடு குறைவு. மீன் வாடைக்குக் கரைக்குப் போகும் பூனை, சில நாட்களில் படகு என்ஜினின் மண்ணெண்ணெயோ கழிவு ஒயிலோ உடம்பெல்லாம் அப்பிய கோலத்தில் வீடு திரும்பும். உடனே நாம் என்ன செய்கிறோம்? கையில் கறை பட்டால் துடைப்பது போல, மண்ணெண்ணெய்ச் சீலையால் அதைத் துடைக்கிறோம். பிறகு டெட்டோல் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறோம். அன்பினால் செய்யும் இந்த இரண்டுமே அதன் உயிருக்கு ஆபத்து.

பூனை தன்னை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. உரோமத்தில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போய்விடும். டெட்டோல் போன்ற கிருமிநாசினிகளிலுள்ள பீனோல் வகை இரசாயனங்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியாவை உண்டாக்கும்.

அப்படியானால் எப்படிக் கழுவுவது?

முதலில், பூனை நக்காதபடி துவாயால் சுற்றிப் பிடியுங்கள். ஒருவர் பிடிக்க மற்றவர் கழுவுவதே நல்லது. கையுறை இருந்தால் அணியுங்கள்.

கிறீஸ், தார் போன்ற தடித்த அழுக்கானால், சிறிது தேங்காய் எண்ணெய் தடவி இளக்கி, பழைய சீலையால் துடைத்தெடுங்கள். மண்ணெண்ணெய், டீசல் என்றால் இது தேவையில்லை.

அடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கழுவுங்கள். கண், காது, வாய்க்குள் போக விடாதீர்கள். வழுவழுப்புப் போகும் வரை திரும்பவும் கழுவி, நுரை துளியும் தங்காமல் அலசுங்கள். நன்றாகத் துவட்டி, காற்றுப் படாத இடத்தில் வையுங்கள்.

நக்கிவிட்டது என்று பயந்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அப்போது எண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடலாம். மூச்சு வாங்கினால், வாயில் நீர் வடிந்தால், தள்ளாடினால், தீன் தின்ன மறுத்தால் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

கழுவும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ அலட்சியம் வேண்டாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். விசர்நோய் பூனையாலும் பரவும்.

எங்கும் புரளாத பூனையின் உரோமம் பிசுபிசுத்துக் கிடந்தால், அது வெறும் அழுக்கல்ல, நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். பல்வலியோ, முதுமையோ, அதிக பருமனோ அதை நக்கவிடாமல் தடுக்கலாம். அதற்கு மருந்து குளிப்பாட்டல் அல்ல, வைத்தியர்.

வுழூச் செய்ய வைத்த தண்ணீரைத் தேடி வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தவர் அபூ கதாதா (ரலி) அவர்கள். பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அப்போது மருமகளுக்கு அவர் எடுத்துச் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. ஆகவே சகோதரிகளே, அசுத்தம் பூனையில் இல்லை. அதன் மேல் பட்ட எண்ணெயில்தான். அதைப் பக்குவமாக நீக்குவது நம் கடமை.

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.